அடுத்த கம்பெனிப் பதிவேடு

முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்



என்ன தலைப்பு போடலாம் என்று செயலாளர் அவர்கள் தொலைபேசியில் கேட்டார். "தொழில்துறையின் சவால்கள்" என்பதுபோல ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார். ஒரே ஒரு எரர் மெசேஜைப் பற்றிப் பேசுகிறேன் சார் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இருபது நிமிஷத்துக்கு வருமாப்பா?" என்றார். வரும் சார். எங்களுக்கு அது மூன்று நாள் வந்தது.

ஓசூரில் வேலை என்றால் நம் ஆட்கள் உடனே லேத், பிரஸ், பெயிண்ட் ஷாப் என்றுதான் நினைப்பார்கள். தப்பில்லை. 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து லாரி, மொபெட், கைக்கடிகாரம் என்று அந்த ஊர் வளர்ந்த வழி அதுதான். 2004-இல் தர்மபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி என்று தொழிற்பேட்டைகள் கிழக்கே நகர்ந்தன. 2021-இல் மின்சார ஸ்கூட்டர் ஆலையும் வந்தது. இந்த ஆலைகளில் ஒவ்வொரு மெஷினுக்குப் பக்கத்திலும் இப்போது ஒரு சின்னத் திரை தொங்கும். பார்த்திருப்பீர்கள். இந்த ஷிஃப்டில் எத்தனை பீஸ் ஆச்சு, எத்தனை ரிஜெக்ட், மெஷின் எதனால் நின்றது என்று ஆபரேட்டர் விரலால் தொட்டுப் பதிவு செய்வார். அந்தப் பெட்டிக்குள் ஓடும் சாஃப்ட்வேரைச் செய்கிற ஒரு சிறிய நிறுவனத்தில்தான் எனக்கு வேலை. பெட்டிக்குள் ஓடுவது லினக்ஸ்.

மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால் இரண்டு சொல்லை மட்டும் விளக்கிவிட்டு மேலே போகிறேன். கர்னல் என்பது லினக்ஸின் நடு மையம். ஹார்டுவேரைத் தொட்டு வேலை வாங்குவது அதுதான். அது சி மொழியில் எழுதப்பட்டது. மனிதர் எழுதிய அந்த சி வரிகளை மெஷினுக்குப் புரியும் வடிவத்துக்கு மாற்றுவதை பில்ட் என்கிறோம். எங்கள் பெட்டியில் இருக்கும் பிராசசர் சின்னது, அதிலேயே பில்ட் பண்ண முடியாது. ஆபீஸில் இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் பில்ட் செய்து பெட்டியில் ஏற்றுவோம். சமையல் சென்ட்ரல் கிச்சனில், சாப்பாடு கேன்டீனில் என்பது மாதிரி. இந்த ஒரு விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் கதையே.

2023-ஆம் வருஷம். எங்கள் பில்ட் கம்ப்யூட்டரில் உபுண்டு 18.04 இருந்தது. அதற்கான வழக்கமான ஆதரவு அந்த வருஷம் மே மாதத்தோடு முடிந்தது. சிஸ்டம்ஸ் பிரிவுக்காரர்கள் நியாயமாகவே அதை எடுத்துவிட்டு 20.04 போட்டார்கள். அடுத்த வாரம் எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு வாடிக்கையாளரிடமிருந்து போன். பார்கோடு ஸ்கேனர் புது மாடல் வாங்கியிருக்கிறார்கள், பெட்டி அதை அடையாளம் காணவில்லை. கர்னலில் ஒரு டிரைவரைச் சேர்க்க வேண்டும். அரை நாள் வேலை. வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுகிறோம் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்துவிட்டார்.

எங்கள் டீமில் நம் கல்லூரியில் படித்த பெண் ஒருவர் இருக்கிறார், என்னைவிடப் பல வருஷம் ஜூனியர். ஆபீஸில் எல்லோரும் என்னை சார் என்பார்கள், அவர் மட்டும் கல்லூரி வழக்கப்படி அண்ணா. செவ்வாய்க்கிழமை மதியம் வந்து நின்றார்.

"அண்ணா, கர்னல் பில்ட் ஆகலைண்ணா."

"டிரைவர்ல என்னம்மா பிரச்சினை?"

"டிரைவருக்கே போகலைண்ணா. அதுக்கு முன்னாடியே நிக்குது. நான் தொடாத ஃபைல்ல."

போய்ப் பார்த்தேன். திரையில் ஒரே வரி. அதை அப்படியே தமிழ் எழுத்தில் சொன்னால், "நியூ அட்ரஸ் ஃபேமிலி டிஃபைன்டு, பிளீஸ் அப்டேட் செக்கிளாஸ் மேப்." புதிதாக ஒரு முகவரிக் குடும்பம் வந்திருக்கிறது, தயவுசெய்து பாதுகாப்பு வகுப்புப் பட்டியலைத் திருத்தவும் என்று பொருள். நாங்கள் எந்தக் குடும்பத்தையும் சேர்க்கவில்லை. ஸ்கேனர் டிரைவரை எடுத்துவிட்டுப் பார்த்தாலும் அதே எரர். போன மாதம் அனுப்பிய, ஒரு எழுத்துகூட மாறாத பழைய கோடை எடுத்து பில்ட் செய்தாலும் அதே எரர். நேற்று வரை ஓடிய வண்டி, சாவியை மாற்றாமலேயே ஸ்டார்ட் ஆகவில்லை.

அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் விளக்க வேண்டும். கர்னலுக்குள் எஸ்.இ.லினக்ஸ் என்று ஒரு பாதுகாப்பு அடுக்கு உண்டு. அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000-இல் வெளியிட்டது, 2003-இல் கர்னலோடு சேர்ந்தது. எந்த புரோகிராம் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று அது கண்காணிக்கும். நெட்வொர்க் பேச்சுக்கு கர்னலில் பல வகைகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். நாம் தினமும் பயன்படுத்தும் பழைய இன்டர்நெட் முகவரி வகைக்கு எண் 2, புதிய ஐ.பி. ஆறாம் பதிப்புக்கு 10, இப்படி. இவைதான் முகவரிக் குடும்பங்கள். கடைசி எண்ணுக்கு அடுத்த எண்ணுக்கு பி.எஃப்.மேக்ஸ் என்று ஒரு மேக்ரோ, அதாவது ஒரு எண்ணுக்கு வைத்த பெயர். 2017-இல் வந்த 4.11 கர்னலிலிருந்து எஸ்.இ.லினக்ஸ் ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியாகப் பாதுகாப்பு வகுப்பு வைக்கத் தொடங்கியது. அப்போது அதை எழுதியவர்கள் ஒரு வேலியும் போட்டு வைத்தார்கள்: பி.எஃப்.மேக்ஸ் இந்த எண்ணைத் தாண்டினால் பில்டையே நிறுத்து. நாளைக்கு யாராவது புதுக் குடும்பத்தைச் சேர்த்துவிட்டு எஸ்.இ.லினக்ஸுக்குச் சொல்லாமல் போய்விடக் கூடாது அல்லவா.

நல்ல வேலி என்பேன். ஃபேக்டரி கேட்டில் இருக்கும் செக்யூரிட்டிக்காரர் மாதிரி. உள்ளே எத்தனை டிபார்ட்மெண்ட் என்று அவரிடம் ஒரு கணக்கு இருக்கும். கணக்கில் இல்லாத ஒன்று வந்துவிட்டால் கேட்டை மூடிவிட்டு, முதலில் பதிவேட்டில் எழுதுங்கள், அப்புறம் உள்ளே விடுகிறேன் என்பார்.

சரி, இங்கே கணக்கு என்ன? எங்கள் பெட்டியில் இருப்பது 4.14 கர்னல், 2017 நவம்பரில் வந்தது. அதில் வேலி 44-இல் நிற்கிறது. அதே கர்னலுக்குள் பி.எஃப்.மேக்ஸ் எவ்வளவு என்று தேடினோம். 44. தாண்டவே இல்லை! 44 என்பது 44-ஐ விடப் பெரியதா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட இல்லை என்று சொல்லும். கம்பைலர் ஆமாம் என்கிறது.

செவ்வாய் சாயங்காலம் இந்த இடத்தில்தான் நின்றோம். புதன்கிழமை காலையில் அறிவுரைகள் வர ஆரம்பித்தன. இந்த மாதிரி நேரத்தில் அறிவுரை எப்போதும் மூன்று வகை. அந்த வரியை அழித்துவிடு என்றார் ஒருவர். 44-ஐ 45 ஆக்கிவிடு என்றார் இன்னொருவர். மேனேஜர் யாரிடமோ விசாரித்துவிட்டு வந்து, "அந்த எஸ்.இ.லினக்ஸை ஆஃப் பண்ணிட்டா பில்ட் ஆயிடுமாமே, ஆஃப் பண்ணி அனுப்பிடுங்க, அடுத்த ரிலீஸ்ல பார்த்துக்கலாம்" என்றார்.

மூன்றும் வேலை செய்யும். அதுதான் ஆபத்து. மூன்றாவது வழியில் பில்ட் ஓடிவிடும், ஸ்கேனரும் வேலை செய்யும், வாடிக்கையாளர் கையெழுத்துப் போட்டுவிடுவார். ஆனால் அந்தப் பெட்டியில் யு.எஸ்.பி. ஓட்டை இருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், யு.எஸ்.பி. ஓட்டை இருந்தால் அதில் யாராவது செல்போனைச் சொருகி சார்ஜ் போடுவார்கள். பென்டிரைவில் பாட்டு கொண்டு வந்து கேட்பவர்களும் உண்டு. அதே பெட்டி நெட்வொர்க் வழியாக மெஷினோடும் பேசுகிறது. அங்கே தவறான ஒன்று நுழைந்தால் நிற்கப்போவது ஒரு திரை இல்லை, ஒரு லைன். எஸ்.இ.லினக்ஸ் ஓட வேண்டும் என்று வாடிக்கையாளரின் பர்ச்சேஸ் ஆர்டரிலேயே எழுதியிருந்தது. "அடுத்த ரிலீஸ்" என்ற சொல்லை ஓசூரில் பதினோரு வருஷமாகக் கேட்கிறேன். அது வந்தால் வரும்.

மேனேஜரிடம், "சார், வெள்ளிக்கிழமை காலை வரைக்கும் டைம் குடுங்க. அதுக்குள்ள முடியலைன்னா நானே அவங்ககிட்ட பேசறேன்" என்று கேட்டேன். அரை மனசாக ஒத்துக்கொண்டார்.

முடிச்சு அவிழ்ந்தது அந்த ஜூனியரால்தான். எல்லோரும் எரர் வரியையே முறைத்துக்கொண்டிருந்தபோது, அவர் அதற்கு மேலே இருந்த வரியைப் படித்தார். கர்னல் பில்ட் ஓடும்போது ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரி வரும். இடது ஓரத்தில் சிசி என்று இருக்கும், பெட்டிக்கான கம்பைலர் ஓடுகிறது என்று அர்த்தம். இந்த ஒரு இடத்தில் மட்டும் ஹோஸ்ட்-சிசி என்று இருந்தது.

"அண்ணா, இது பெட்டிக்கான கோடே இல்லைண்ணா. இது நம்ம கம்ப்யூட்டர்ல ஓடறதுக்கான கோடு."

அங்கேதான் நம் சென்ட்ரல் கிச்சன் வருகிறது. கர்னலைச் சமைக்கும்போது, சமையலுக்கு வேண்டிய சில கருவிகளையும் அங்கேயே செய்துகொள்வார்கள். ஜென்ஹெடர்ஸ் என்று ஒரு குட்டி புரோகிராம். எஸ்.இ.லினக்ஸின் பாதுகாப்பு வகுப்புப் பட்டியலைப் படித்து, கர்னலுக்கு வேண்டிய இரண்டு ஹெடர் ஃபைல்களைத் தானாக எழுதித் தரும். அதோடு வேலை முடிந்தது, பெட்டிக்குள் போகாது. எம்.டி.பி. என்று இன்னொன்று, மாதிரி பாதுகாப்புக் கொள்கை ஒன்றை எழுதித் தருவது. இரண்டும் ஓடுவது ஆபீஸ் கம்ப்யூட்டரில். அதனால் இரண்டும் ஆபீஸ் கம்ப்யூட்டரின் சி லைப்ரரியை, அதாவது ஜி-லிப்-சியைப் பயன்படுத்துகின்றன.

கர்னல் எந்த சி லைப்ரரியையும் பயன்படுத்தாது என்று நாம் பாடத்தில் படிக்கிறோம். உண்மைதான். பிரிண்ட்-எஃப்கூட அதற்குச் சொந்தமாக வேறு ஒன்று வைத்திருக்கிறது. ஆனால் கர்னலைச் செய்கிற கருவிகள் பயன்படுத்துகின்றன. சி லைப்ரரி மாறினால் கர்னல் பில்ட் ஏன் உடைய வேண்டும் என்ற கேள்விக்கு விடை இந்தச் சின்ன இடைவெளியில்தான் இருந்தது.

வேலி இருக்கும் ஃபைலின் பெயர் கிளாஸ்மேப்.ஹெச். அந்த ஒரே ஃபைலை இரண்டு பேர் படிக்கிறார்கள். கர்னல் படிக்கும்போது பி.எஃப்.மேக்ஸ் என்ற பெயருக்கு கர்னலின் சொந்த சாக்கெட் ஹெடரிலிருந்து பொருள் கிடைக்கிறது: 44. ஜென்ஹெடர்ஸ் படிக்கும்போது அதே பெயருக்கு ஜி-லிப்-சியின் சாக்கெட் ஹெடரிலிருந்து பொருள் கிடைக்கிறது. யு.எஸ்.ஆர். இன்குளூட் டைரக்டரியில் கிரெப் போட்டுத் தேடினோம். 45.

எல்லையில் இருப்பவர்களுக்கு இது புதுசு இல்லை. நம் பக்கம் சாறு கேட்டால் கரும்பா, பழமா என்பார்கள். அத்திபெலே தாண்டிப் போய்க் கன்னடத்தில் சாரு கேட்டால் சோற்றில் ரசம் ஊற்றுவார்கள். காதுக்கு ஒரே சொல்தான். எந்தப் பக்கம் நின்று கேட்டோம் என்பதுதான் வித்தியாசம். சி மொழியில் மேக்ரோவும் அப்படித்தான். கம்பைலர் வேலையைத் தொடங்கும் முன்பே, பெயரை எடுத்துவிட்டு எண்ணை வைத்துவிடுவார்கள். எந்த ஹெடரிலிருந்து வந்தது என்ற ஊர்ப்பெயர் அதில் ஒட்டியிருக்காது.

மாணவர்களுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. எங்கள் காலத்தில் கீழ்த்தள லேபில் டர்போ-சிதான். எந்த புரோகிராம் எழுதினாலும் முதலில் கோனியோ.ஹெச், அடுத்து கிளியர் ஸ்கிரீன். அது சி மொழியின் ஒரு பகுதி என்றே நம்பியிருந்தோம். அதே புரோகிராமை லினக்ஸில் கொண்டுபோய்ப் போட்டால் அப்படி ஒரு ஹெடரே கிடையாது என்கிறது. மொழி வேறு, அந்த மொழியோடு ஒருவர் கொடுக்கும் ஹெடர்கள் வேறு என்று அன்றைக்கே ஒருவர் சொல்லியிருந்தால் எத்தனையோ இரவுகள் மிச்சமாகியிருக்கும். அந்த லேப் இன்னும் இருக்கிறதா தெரியவில்லை, மின்விசிறிச் சத்தம் மட்டும் ஞாபகம் இருக்கிறது.

சரி, 45 எப்படி வந்தது? இதைத் தேடிப் போனபோதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. 2018 ஆகஸ்டில் வந்த 4.18 கர்னல், ஏ.எஃப்.எக்ஸ்.டி.பி. என்ற புதிய முகவரிக் குடும்பத்தைச் சேர்த்தது. நெட்வொர்க் பாக்கெட்டுகளை மிக வேகமாக புரோகிராமிடம் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு வழி. அதன் எண் 44, ஆகவே பி.எஃப்.மேக்ஸ் 45 ஆனது. கர்னலில் புதிதாக வரும் எண்களைத் தங்கள் ஹெடரிலும் எழுதி வைப்பது ஜி-லிப்-சிக்காரர்களின் வழக்கமான கடமை. 2019 பிப்ரவரியில் வந்த 2.29 பதிப்பில் அது வந்துவிட்டது. உபுண்டு 18.04-இல் இருந்தது 2.27, அதனால் எங்களுக்கு அதுவரை தெரியவில்லை. 20.04-இல் 2.31. ஆக, புது கர்னல் சொன்ன செய்தி ஜி-லிப்-சி வழியாக உபுண்டுவுக்குப் போய், அங்கிருந்து எங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து, பழைய கர்னலின் கேட்டை மூடியிருக்கிறது. தம்பி சொன்ன சேதி ஊரெல்லாம் சுற்றி வந்து அண்ணனை வாசலில் நிறுத்திய கதை.

கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்காரர் சரியாகத்தான் எண்ணினார். எண்ணியது அடுத்த கம்பெனியின் பதிவேட்டை வைத்து.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? புதுக் குடும்பத்தைச் சேர்த்தவர்கள் செய்தது சரி. ஹெடரைப் புதுப்பித்தவர்கள் செய்ததும் சரி. வேலி போட்டவர்கள் நல்ல எண்ணத்தில் போட்டார்கள். சிஸ்டம்ஸ் பிரிவுக்காரர்கள் மேல் அன்றைக்கு எல்லோருக்கும் கோபம், ஆனால் ஆதரவு முடிந்த சிஸ்டத்தை மாற்றாமல் வைத்திருந்தால்தான் தப்பு. எனக்கு வருத்தம் ஒரே இடத்தில்தான். இந்தப் பிரச்சினையை உலகம் 2019-லேயே சந்தித்து, அதே வருஷம் பிப்ரவரியில் திருத்தமும் எழுதியாகிவிட்டது. பழைய கர்னல் வரிசைகளுக்கும் அந்தத் திருத்தம் எடுத்துச் செல்லப்பட்டது. ஆனால் எங்களுக்கு போர்டு விற்றவர்கள் 4.14-இன் ஆரம்ப காலத்துப் பதிப்பு ஒன்றை எடுத்துத் தங்கள் சொந்த மாற்றங்களைச் சேர்த்து மூட்டை கட்டிக் கொடுத்துவிட்டு, அதற்குப் பிறகு அந்த வரிசையில் வந்த நூற்றுக்கணக்கான சின்னத் திருத்தங்களில் எதையுமே சேர்க்கவில்லை. பெயர் வேண்டாம், ஒரே ஒருவர் என்று இல்லை, இந்தத் தொழிலில் இது பரவலான வழக்கம். போர்டு வாங்கும்போது விலை, மெமரி, டெலிவரி எல்லாம் பேரம் பேசுகிறோம். கர்னலை எத்தனை நாளைக்கு ஒருமுறை புதுப்பித்துத் தருவீர்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இப்போது நான் கேட்கிறேன். பதில் வருவதற்குள் டீ ஆறிவிடுகிறது.

திருத்தம் எவ்வளவு சின்னது தெரியுமா? ஜென்ஹெடர்ஸ், எம்.டி.பி. இரண்டிலும் சி லைப்ரரியின் சாக்கெட் ஹெடரைக் கூப்பிடும் வரியை எடுத்துவிட்டார்கள். கிளாஸ்மேப்.ஹெச்-இல் கர்னலின் சொந்த சாக்கெட் ஹெடரைக் கூப்பிடும் வரியைச் சேர்த்தார்கள். இரண்டு வரி கழித்தல், ஒரு வரி கூட்டல். அடுத்த கம்பெனிப் பதிவேட்டைக் கையிலிருந்து வாங்கிவிட்டு, நம் பதிவேட்டைக் கொடுப்பது.

44-ஐ 45 ஆக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று மேனேஜர் கேட்டார். நல்ல கேள்வி. இரண்டிலும் பில்ட் ஆகும், இரண்டிலும் பெட்டி ஓடும். ஆனால் எண்ணை மாற்றினால், நம் கர்னலில் நாளைக்கு உண்மையாகவே ஒரு குடும்பம் சேர்ந்தால் வேலி பேசாமல் இருந்துவிடும். தவிர, அடுத்த முறை உபுண்டுவை மாற்றும்போது மறுபடி இடிக்கும். சும்மா சொல்லவில்லை. அடுத்த குடும்பம் ஏற்கெனவே வந்துவிட்டது. கர்னலில் இப்போது அந்த எண் 46. வேலியையே அழித்துவிட்டால் பிறகு எந்தப் பேச்சும் கிடையாது.

வியாழக்கிழமை திருத்தத்தை எங்கள் மூட்டையில் சேர்த்தோம். பில்ட் ஓடியது. அந்த ஜூனியர் அதோடு விடவில்லை, எனக்குப் பிடித்தது அதுதான். உபுண்டு 18.04-ஐ ஒரு கன்டெய்னரில், அதாவது கம்ப்யூட்டருக்குள்ளேயே தனியாக ஒரு சின்ன அறை மாதிரி, வைத்துக்கொண்டார். அங்கே திருத்தம் இல்லாமல் பழையபடி பில்ட் செய்தார், வெளியே திருத்தத்தோடு பில்ட் செய்தார். ஜென்ஹெடர்ஸ் எழுதித் தந்த ஹெடர் ஃபைல்களை இரண்டு பக்கத்திலிருந்தும் எடுத்து டிஃப் போட்டுப் பார்த்தார். ஒரு எழுத்து வித்தியாசம் இல்லை. பிறகு பெட்டியில் ஏற்றி, எஸ்.இ.லினக்ஸ் எந்த நிலையில் ஓடுகிறது என்று கேட்டார். எஃன்போர்சிங் என்றது. முழுக் காவலில் இருக்கிறேன் என்று அர்த்தம். ஸ்கேனர் ஒருமுறை பீப் அடித்தது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் வண்டி அத்திபெலே தாண்டிவிட்டது.

அந்தக் கன்டெய்னரிலேயே எப்போதும் பில்ட் செய்தால் திருத்தமே வேண்டாமே என்று கேட்கலாம். சில இடங்களில் அதுவே சரியான வழி, இன்றும் எங்களிடம் அது இருக்கிறது. ஆனால் ஐந்து வருஷம் கழித்து, அந்த அறை எதற்கு இருக்கிறது என்று ஆபீஸில் யாருக்கும் தெரியாமல் போய்விடும். காரணம் தெரிந்த மூன்று வரியைக் கோடில் எழுதி, பக்கத்திலேயே ஏன் என்று ஒரு பத்தி எழுதி வைப்பது எனக்கு உசிதமாகப் பட்டது.

இது ஒன்று மட்டும் இல்லை. ஜி-லிப்-சியில் இதுபோல வேறு மாற்றங்களும் வந்திருக்கின்றன. மேஜர், மைனர் என்று இரண்டு மேக்ரோக்கள் உண்டு, டிவைஸ் எண்ணைப் பிரித்துக் காட்டுபவை. ரொம்பக் காலமாக சிஸ்-டைப்ஸ் ஹெடரைக் கூப்பிட்டாலே அவையும் கூடவே வந்துகொண்டிருந்தன. மேஜர், மைனர் என்பவை சாதாரணச் சொற்கள். தன் புரோகிராமில் பதிப்பு எண்ணுக்கு மேஜர் என்று பெயர் வைத்தவர்களின் பெயரையெல்லாம் இந்த மேக்ரோ விழுங்கிவிடும். அதனால் 2017 பிப்ரவரியில் 2.25 பதிப்பில் எச்சரிக்கை கொடுத்தார்கள், 2018 ஆகஸ்டில் 2.28-இல் எடுத்தே விட்டார்கள். தனியாக சிஸ்-மேக்ரோஸ் ஹெடரைக் கூப்பிட வேண்டும். அதே 2.28-இல் உள் மேக்ரோக்கள் சில மறைந்ததால் எம்-ஃபோர் போன்ற பழைய கருவிகள் "உங்கள் பிளாட்ஃபார்முக்கு மாற்றி எழுதுங்கள்" என்று கத்தின. 2021-இல் 2.34 வந்தபோது சிக்னல் ஸ்டாக்கின் அளவைச் சொல்லும் மேக்ரோ நிலையான எண்ணாக இல்லாமல் போனது. புதிய பிராசசர்களின் ரிஜிஸ்டர்கள் பெரிதாகிவிட்டதால் அளவை ஓடும்போதுதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார்கள். அதை அரே அளவாக எழுதியிருந்த புரோகிராம்கள் எல்லாம் நின்றன. ஒவ்வொன்றுக்கும் நியாயமான காரணம் உண்டு. ஒவ்வொன்றும் எங்கேயோ ஒரு வெள்ளிக்கிழமையைக் கெடுத்திருக்கும்.

இப்படி ஒன்று உங்கள் முன்னால் வந்தால், மாணவர்களே, எரரை மட்டும் பார்க்காதீர்கள், எந்தக் கம்பைலர் பேசுகிறது என்று முதலில் பாருங்கள். கர்னலில் மேக் கட்டளையோடு வி சமம் 1 என்று போட்டால் முழுக் கட்டளையையும் காட்டும். ஜிசிசிக்குப் பெரிய ஹெச் என்று ஒரு ஆப்ஷன் உண்டு; எந்த ஹெடர் எங்கிருந்து வந்தது என்று படிப்படியாக வரிசை போட்டுக் காட்டிவிடும். பெரிய இ போட்டால் மேக்ரோ எல்லாம் மாறியபின் உங்கள் கோடு எப்படி இருக்கிறது என்று பார்க்கலாம். அந்த வாரம் நாங்கள் பயன்படுத்தியது இவ்வளவுதான். விலை கொடுத்து வாங்கிய டூல் எதுவும் இல்லை.

இன்னொரு செய்தி. 2019-இல் எழுதிய அந்தத் திருத்தமும் கடைசி வார்த்தை இல்லை. 2024-இல் கர்னல்காரர்கள் அதை மறுபடி எடுத்து மாற்றினார்கள். ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஓடும் கருவி, கர்னலின் ஹெடரைப் படிப்பதே முறை இல்லை, அதுவும் அடுத்தவர் பதிவேடுதான் என்பது வாதம். இப்போது அந்த வேலி கர்னல் பில்ட் ஆகும்போது மட்டும்தான் பார்க்கப்படும். கருவிகள் படிக்கும்போது அந்தப் பகுதியே கண்ணில் படாது. இதைப் பற்றி எங்கள் டீமில் இன்னும் இரண்டு கட்சி இருக்கிறது. எனக்கு 2024-இல் செய்ததுதான் சரி என்று படுகிறது. அந்த ஜூனியர் ஒத்துக்கொள்ளவில்லை. கருவியிலேயே நிறுத்தினால் அரை மணி நேரம் முன்னாலேயே தெரிந்துவிடும் என்கிறார். 4.14 வரிசைக்கோ 2024 ஜனவரியோடு ஆதரவே முடிந்துவிட்டது. புதிய பெட்டிகளுக்கு வேறு போர்டு எடுத்துவிட்டோம். பழைய பெட்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன, அவற்றுக்கு இந்த மூன்று வரிதான்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். இருபது நிமிஷம் வந்துவிட்டது சார். பழைய போர்டு ஒன்றையும் லேப்டாப்பையும் கொண்டு வந்திருக்கிறேன். திருத்தம் போடாத கோடும் அதில் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் லேபில் இருப்பேன். விருப்பமுள்ள மாணவர்கள் வந்து அந்த எரரை நீங்களே வரவழைத்துப் பாருங்கள். அந்த ஜூனியரும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து நான் எதையாவது தப்பாகச் சொல்கிறேனா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். 2024 விஷயத்தில் அவர் கட்சியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.